வெருளிக்கு ஒரு கதிரை

படம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காலையில் மண்டபக் கதவைத் திறந்ததும் நான் முதலில் கண்டது அதைத்தான். முதல் நாள் பின்னேரம் எங்கள் முகாமையாளர் தன் கையாலேயே ஆணியடித்து மாட்டிய படம். கண்ணாடி போட்ட சட்டம். உள்ளே ஜெசிந்தாவின் சிரித்த முகம். கீழே தங்க நிறத்தில் ‘இவ்வாரத்தின் சிறந்த பணியாளர்’. இப்போது முகமும் தங்க எழுத்தும் சுவரோடு ஒட்டிக்கிடந்தன. எங்களுக்குத் தெரிந்தது பின்பக்கத்து மட்டையும் அதிலிருந்த கொழுக்கியும்தான்.

பெண்கள் வரிசையாக நின்று மருந்துத் தண்ணீரில் கை நனைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

“ஆர் இதைத் திருப்பினது?”

“காத்துக்குத் திரும்பியிருக்கும் மிஸ்,” என்றது ஒரு குரல்.

ஈ புகக்கூடாதென்று யன்னல்களுக்கெல்லாம் வலையடித்து, கதவுக்கும் ரப்பர் திரை தொங்கவிட்ட மண்டபம் அது. அங்கே காற்று வந்திருந்தால் நாங்கள் பெருநாளே கொண்டாடியிருப்போம்.

“ஜெசிந்தா எங்கை?”

“அவ வரேல்லை.”

அதே குரல் இறங்கி வந்தது. “இனி வரவும் மாட்டா போலை கிடக்கு மிஸ்.”

நண்டு உடைக்கும் இடம்

சண்டை நின்று பாதை திறந்திருந்த காலம் அது. தெற்கிலிருந்து லொறிகள் வரத் தொடங்கியிருந்தன. ஊர்காவற்துறையில் இறங்குதுறைக்குப் போகும் வழியில், ஓடு பறந்து கிடந்த ஒரு பழைய பண்டகசாலையைத் திருத்தி, ஒரு கம்பனி அதில் நண்டு பதனிடும் நிலையம் தொடங்கியது. கரையில் வாங்கும் நண்டைக் கிடாரத்தில் அவித்து, ஆறவிட்டு, ஓடு நீக்கி, சதையைப் பிரித்தெடுத்து, ஐஸில் அடுக்கி அனுப்பவேண்டும். சதையோடு ஓட்டுத் துண்டு ஒன்றுகூடப் போகக்கூடாது. கடல் கடந்து எங்கோ ஒருவர் சாப்பாட்டு மேசையில் இருந்து மெல்லும்போது பல்லில் கடிபட்டால், எங்கள் பெயர் போய்விடும்.

நான்கு மேசைகள். மூன்றில் எங்கள் கரையோரத்துக் கத்தோலிக்கப் பெண்கள். நான்காவதில் சரவணை என்ற ஊரிலிருந்து வந்த தோட்டக்காரக் குடும்பத்துப் பெண்கள். எல்லோரும் இடம்பெயர்ந்து எங்கெங்கோ இருந்துவிட்டு, கூரையில்லாத வீடுகளுக்குத் திரும்பியவர்கள். அவர்களில் அனேகம் பேருக்குத் தங்கள் பெயரில் வந்த முதல் சம்பளம் இந்த நண்டில்தான்.

மண்டபத்தின் முனையில் ஒரு கதிரை. கைப்பிடி வைத்த, சுழலும் கதிரை. அது என்னுடையது. நான் மேற்பார்வையாளர்.

அந்தக் கதிரையைப் பற்றி

அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா எழுத்துக்கூட்டப் பழகியதோடு கடலுக்குப் போனவர். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததே எனக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்த நாட்களில்தான். இடம்பெயர்ந்து போன வன்னியில் மரத்துக்குக் கீழே இருந்தும் படித்தேன், மழைக்கு ஒழுகும் கொட்டிலுக்குள் இருந்தும் படித்தேன். உயர்தரம் சித்தியடைந்து, யாழ்ப்பாணத்தில் மீன் தரக்கட்டுப்பாடு படித்து, அந்தச் சான்றிதழோடு இந்தக் கதிரையில் வந்து இருந்தேன்.

முதல் நாள் ஒருவரும் பார்க்காத நேரம் அதில் இரண்டு தரம் சுற்றிப் பார்த்தேன். ஜெசிந்தா பார்த்துவிட்டாள்.

“மெல்லமாச் சுத்தும் மிஸ், தலை சுத்தி விழுந்தால் எங்களை ஆர் மேய்க்கிறது?”

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. ஐந்தாம் வகுப்போடு இடம்பெயர்வில் படிப்பு நின்றுபோனவள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் நண்டு அவள் கைக்கு வந்தால் தானே சட்டையைக் கழற்றிக் கொடுப்பதுபோல இருக்கும். முதுகோட்டுக்கு அருகேயிருக்கும் பெரிய சதையை உடையாமல் முழுதாக எடுக்க அவளைப்போல் இன்னொருத்தி இல்லை. அதைச் சொன்னால் அவளே, “ஓம், தெரியும்” என்பாள்.

அப்படிப்பட்டவள்தான் படம் மாட்டியதும் வீட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

கறிக்குக் கிடக்கு

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். கரையில் வளராதவர்களுக்கு இது விளங்காது.

அப்பாவின் வள்ளம் கரைதட்டும்போது யாராவது கேட்பார்கள்: “என்ன, பட்டதே?” வள்ளம் தாழ்ந்து, தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். உள்ளே மீன் துடிக்கிற சத்தம் மணலில் நிற்கும் எனக்கே கேட்கும். அப்பா நிமிராமல், “ஏதோ, கறிக்குக் கிடக்கு” என்பார், ஒருநேரக் குழம்புக்குப் போதும் என்பதுபோல. கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போவார். ஒருவரும் ஒருவரை ஏமாற்றவில்லை. நல்ல மீன்பாட்டை நல்லதென்று வாய்விட்டுச் சொன்னால் நாவூறு பட்டுவிடும். அடுத்த நாள் வலை கிழியும், இயந்திரம் பழுதாகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். இந்தப் பயம் சரவணைத் தோட்டங்களிலும் உண்டு. வெங்காயம் மதாளித்து நின்றால் கண்படாதிருக்க நடுவில் வெருளிப் பொம்மையொன்று நட்டுவிடுவார்கள்.

என் பரீட்சை முடிவு வந்த அன்று அயலவர் அப்பாவிடம் கேட்டார்கள். “ஏதோ பாசாம்,” என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நான் பள்ளிக்கூட அறிவித்தல் பலகையில் என் பெயரைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற ஆள். ஒரு சொல் கூடச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இருந்தது.

முகாமையாளர் கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழர். நாங்கள் சேர் என்போம். படத் திட்டத்தை அவர் சொன்னபோதே நான் இழுத்தேன். “சேர், இஞ்சத்தை ஆக்களுக்கு…”

“மிஸ், பாராட்டு வேணாம்னு சொல்ற மனுஷன் உலகத்துல இருக்கானா?” என்றார்.

உலகத்தில் எப்படியோ, ஊர்காவற்துறையில் இருந்தார்கள்.

வீங்கிய விரல்

அன்று வேலை முடிந்ததும் ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் மிளகாய்ப் புகை நெடி. அவளைச் சுற்றி உப்பும் மிளகாயும் எரித்து முடித்திருந்தார்கள். யன்னலோரம் கோயில் தீர்த்தப் போத்தலும் இருந்தது. இரண்டு பக்கத்தாலும் காவல்.

வலது கைச் சுட்டுவிரலை நீட்டிக் காட்டினாள். நண்டு முள் குத்தி வீங்கியிருந்தது.

“பாரும். படம் போட்டு ஒரு இரவு போகேல்லை.”

“முள்ளு எல்லாருக்கும்தானே குத்துறது?”

“எனக்கு எப்ப குத்தினது? சொல்லும் பாப்பம். எப்பவாவது குத்தினதே?”

உண்மையிலேயே அவளுக்கு அதுவரை குத்தியதில்லை.

சட்டத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த படத்தைக் கொடுத்தேன். வாங்கி விளக்குப் பக்கம் பிடித்து நன்றாகப் பார்த்தாள்.

“வடிவாத்தான் விழுந்திருக்கு,” என்றாள். பிறகு ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, கலியாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

அதைக் கண்டதும் எனக்கு ஒன்று பிடிபட்டது. இவளுக்குப் புகழ் வேண்டும். எங்கள் எல்லோருக்கும் வேண்டும். அதைக் கொடுக்கிற விதம்தான் இந்த மண்ணுக்குப் பொருந்தவில்லை.

வீக்கம் வற்றி ஜெசிந்தா திரும்பி வந்தாள். ஆனால் மண்டபம் பழைய மண்டபமாக இல்லை. சேர் வெறும் சட்டத்தை இன்னும் சுவரில் விட்டுவைத்திருந்தார். அடுத்த படம் யாருடையது என்ற பயம் எல்லோருக்கும். பக்கத்துத் தட்டை ஓரக்கண்ணால் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் குறைவாக வருமாறு எல்லோரும் வேலை செய்தார்கள். கத்திகள் நித்திரை கொண்டன. ஐஸ் உருகி வடிகாலில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சேர் என்னைக் கூப்பிட்டார். “உயிர்த்த ஞாயிறு முடிஞ்ச கையோட வாங்குற கம்பனிக்காரர் வாறார். இந்த வேலையப் பாத்தா ஒரே பேச்சுத்தான். நண்டை இங்க அவிச்சு லொறியில ஏத்துங்க, வேற இடத்துல உடைச்சுக்கலாம்னு சொல்லிடுவார். மண்டபத்தைப் பூட்ட வேண்டியதுதான்.”

“அப்ப இந்தப் பொம்பிளையள்?”

“அதைத்தான் நான் உங்ககிட்ட கேக்கிறேன், மிஸ்.”

தவக்காலம் தொடங்கியிருந்தது. எனக்கு இருந்தது உயிர்த்த ஞாயிறு வரையுள்ள அந்த இடைவெளிதான்.

புது வீட்டுக்காரனின் பொம்மை

யோசித்தபடி சைக்கிளில் வீட்டுக்குப் போகிறேன். வழியில் வெளிநாட்டுக் காசில் ஒரு மாடிவீடு எழும்பிக்கொண்டிருந்தது. முன் விறாந்தையில் ஒரு வெருளி தொங்கியது. வைக்கோல் அடைத்த காற்சட்டை, பானைத் தலை, சுண்ணாம்புப் பல். அந்தத் தெருவிலேயே வடிவான வீட்டுக்கு, அந்தத் தெருவிலேயே கோரமான பொம்மை.

பிறேக் பிடித்து இறங்கினேன். வெருளி தொங்குகிற வீட்டைப் பார்த்து யாரும், ‘இது மோசமான வீடு’ என்று நினைப்பதில்லை. கண்படுகிற அளவுக்கு இங்கே ஏதோ இருக்கிறது என்றுதான் நினைக்கிறார்கள். வாய் திறக்காமலே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு தொங்குகிறது அது.

பதனிடும் மண்டபத்துக்குள் வைக்கோல் கொண்டுபோக முடியாது. தரக்கட்டுப்பாடு படித்தவள் அல்லவா நான்! கிழிந்த ரப்பர் சப்பாத்து, பழைய பிளாஸ்ரிக் மேலங்கி, கையுறை எல்லாவற்றையும் கழுவி, உள்ளே பிளாஸ்ரிக் பைகளை அடைத்துத் தைத்தேன். முகத்துக்கு இனாமல் பெயின்ற். ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. தலைக்கு எங்கள் எல்லோரையும்போல வெள்ளைத் தொப்பி. மருந்துத் தண்ணீரில் முழுக்காட்டித்தான் உள்ளே கொண்டுபோனேன்.

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. “ஆரது, புது மிஸ்ஸே?” என்றாள் ஜெசிந்தா.

“ஒவ்வொரு சனிக்கிழமையும் இவர் ஒரு மேசைக்குப் போவார்,” என்றேன். “எந்த மேசையிலை கண்படும் எண்டு எனக்குப் பயமா இருக்கோ, அந்த மேசைக்குக் காவல். ஒருத்தற்றை பேரும் சொல்லமாட்டன். படமும் இல்லை.”

நான் சொன்னது மேசை மேசையாக இறங்குவது முகங்களில் தெரிந்தது.

“இவர் நிண்டுகொண்டே காவல் காக்கிறது?” என்று கேட்டாள் சரவணை மேசையிலிருந்த பரமேஸ்வரியக்கா. அந்த மேசையில் மூத்தவர் அவர்தான்.

நிற்கவைத்துப் பார்த்தேன். ரப்பர் கால்கள் மடங்கி அது விழுந்தது. மண்டபத்தில் இருந்த ஒரே கதிரை என்னுடையது. உண்மையைச் சொன்னால், அதைத் தள்ளிக்கொண்டு வரும்போது நெஞ்சு கொஞ்சம் இழுத்தது. ஆனாலும் வெருளியை அதில் தூக்கி இருத்தினேன்.

சேர் எட்டிப் பார்த்தார். “மிஸ், இது தொழிற்சாலையா, வெங்காயத் தோட்டமா?”

“பெரிய வியாழன் வரைக்கும் பொறுங்கோ சேர். பேந்து நீங்களே தூக்கி எறியுங்கோ.”

மேசை மாறியவள்

முதல் சனிக்கிழமை வெருளி ஜெசிந்தாவின் மேசைக்குப் போனது. அவர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: மாப்பிள்ளை. அடுத்த கிழமை மற்ற மேசைகளில் கத்திகள் விழித்துக்கொண்டன. “மாப்பிள்ளையை இஞ்சாலை எடுக்காமல் விடமாட்டம்” என்று ஒருத்தி பாடினாள். கதிரை போனதால் நானும் நாள் முழுக்க நடந்தேன். முனையில் இருந்தபோது தெரியாத எத்தனையோ கைகளை அப்போதுதான் அருகில் நின்று பார்த்தேன்.

ஆனால் அடுத்த சனியும், அதற்கடுத்த சனியும் மாப்பிள்ளை ஜெசிந்தாவோடுதான். சரவணை மேசை சோர்ந்துபோனது. அவர்கள் புகையிலையும் வெங்காயமும் தெரிந்தவர்கள். நண்டைக் குழம்பில் மட்டும் கண்டவர்கள். வெள்ளிக்கிழமைகளில் விரதம் பிடித்துக்கொண்டு வந்து நண்டு உடைத்துவிட்டு, முழுகித்தான் அடுப்படிக்குள் போவார்கள். அவர்கள் தட்டில் சதை பொடியாகக் கிடந்தது. பொடிக்குள் ஓடு ஒளிந்துகொள்ளும். கம்பனிக்காரர் அந்த ஒரு தட்டைக் கையில் எடுத்தால் போதும்.

ஜெசிந்தாவை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டேன். “திங்கட்கிழமையிலிருந்து நீர் சரவணை மேசையிலை இரும்.”

முகம் கறுத்துவிட்டது. “நான் என்ன பிழை விட்டனான்?”

“ஒண்டும் விடேல்லை.”

“அப்ப ஏன் என்னை அங்கை தள்ளுறீர்? மாப்பிள்ளையை விட்டிட்டு நான் போகமாட்டன்.”

“மாப்பிள்ளை அந்த மேசைக்கு வாறவரோ, உம்மடை கைக்குப் பின்னாலை வாறவரோ எண்டு எனக்கு அறியவேணும்.”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். “படிச்ச ஆக்களோடை கதைக்கேலாது,” என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமை சரவணை மேசையில் இருந்தாள்.

முதல் நாள் ஒரே சண்டை. பரமேஸ்வரியக்காவின் பிடியைப் பார்த்து, “அக்கா, அது நண்டு, தேங்காய் இல்லை” என்றாள். “நீ பிறக்க முதல் சமைச்சவள் நான்” என்றார் அவர். இரண்டாம் நாளும் அதே கதை. நான் வாய் திறக்காமல் நடந்துகொண்டே இருந்தேன்.

பிறகு ஒரு நாள் தேத்தண்ணி நேரம். பரமேஸ்வரியக்கா அவித்த பனங்கிழங்கு கொண்டுவந்திருந்தார். இரண்டாகப் பிளந்து, நடுத்தும்பை எடுத்து, மேல் நாரை நுனியிலிருந்து ஒரே இழுவையாக இழுத்தார். கிழங்கு உடையவில்லை. ஒரு நார் மிச்சமில்லை. ஜெசிந்தா வாய்க்குக் கொண்டுபோன கிழங்கை அப்படியே நிறுத்தினாள்.

“அக்கா, அதைத் திருப்பிச் செய்யுங்கோ.”

“என்னத்தை?”

“நார் உரிக்கிறதை. விரல் எங்கை பிடிக்குது எண்டு பாருங்கோ. நுனியிலை. கிழங்கை நசிக்காமல். நண்டுக்கும் உதுதான்! தோல் ஓடுற பக்கத்துக்கு இழுக்கவேணும். வாங்கோ, வாங்கோ, தேத்தண்ணி பேந்து குடிக்கலாம்.”

அன்று பின்னேரம் பரமேஸ்வரியக்காவின் தட்டில் முதல் முழுச்சதை விழுந்தது. வெள்ளையாக, ஒரு மல்லிகை மொட்டுப் பருமனில். மேசை முழுக்க எட்டிப் பார்த்தது. ஜெசிந்தா அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

“ம். கறிக்குக் காணும்,” என்றாள்.

பரமேஸ்வரியக்கா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பெரிய வியாழனுக்கு முதல் வந்த சனிக்கிழமை, நான்தான் கதிரையைத் தள்ளினேன். சில்லுகள் கரகரத்தன. மூன்று மேசைகளைத் தாண்டி, நான்காவதன் முன்னால் நிறுத்தினேன். சரவணை மேசைக் கூச்சலில் சேர் ஓடிவந்தார், யாருக்கோ கை வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்து. கதிரை நின்ற இடத்தையும் அவர்கள் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவருக்குப் போய், வெறும் சட்டத்தைத் தானே கழற்றினார்.

கம்பனிக்காரர் வந்தார்

உயர்ந்த வெள்ளைக்காரர். சப்பாத்துக்கு மேல் பிளாஸ்ரிக் உறை போட்டு, தொப்பி மாட்டி உள்ளே வந்தார். வந்ததும் சரவணை மேசைக்கே போனார். பரமேஸ்வரியக்காவின் தட்டை எடுத்து, சதையைக் கறுப்புத் தட்டில் பரப்பி, விரல்களால் மெல்ல மெல்ல அளைந்தார். இன்னொரு தட்டு. அதுவும் அளைந்தார். மற்ற மேசைகளுக்கும் போனார்.

ஓட்டுத் துண்டு ஒன்றும் அகப்படவில்லை.

அவர் இரண்டு கைகளையும் விரித்து ஆங்கிலத்தில் பொழியத் தொடங்கினார். அற்புதம், இவ்வளவு சுத்தமான சதையைத் தான் கண்டதில்லை, இந்தக் கைகள் தங்கக் கைகள். சொற்கள் விளங்காவிட்டாலும் குரல் எல்லோருக்கும் விளங்கியது. தொப்பிகள் குனிந்தன. ஜெசிந்தாவின் கை கழுத்துச் செபமாலைக்குப் போனது. பரமேஸ்வரியக்கா மெல்ல மாப்பிள்ளையின் பக்கம் நகர்ந்தார்.

“மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்,” என்றார் அவர் சேரிடம்.

சேர் தொண்டையைச் செருமினார். பெண்களைப் பார்த்தார். கதிரையில் கோணல் கண்ணோடு இருந்த வெருளியைப் பார்த்தார். என்னையும் ஒருதரம் பார்த்தார்.

“ஐயா சொல்றார்…” என்று நிறுத்தி, எங்கள் பேச்சுக்கு நாக்கை வளைத்தார். “ஏதோ, கறிக்குக் காணுமாம்.”

மண்டபம் வெடித்தது. கத்திகளை மேசையில் தட்டினார்கள். ஜெசிந்தா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இவ்வளவு நீளமாகத் தான் பேசியதற்கு இத்தனை சின்ன மொழிபெயர்ப்பா என்று வெள்ளைக்காரர் திகைத்தாலும், அவரும் சேர்ந்து சிரித்தார்.

மண்டபம் பூட்டப்படவில்லை. ஐந்தாவது மேசை வந்தது. எழுவைதீவிலிருந்து படகில் வந்த பெண்களுக்கு அதை ஒதுக்கினோம். அவர்களைப் பழக்கும் பொறுப்பு ஜெசிந்தாவுக்கு. எனக்குப் புதுக் கதிரை வாங்கித் தருவதாகச் சேர் சொன்னார். ஜெசிந்தாவுக்கு வாங்கிக் கொடுங்கள் என்றேன். வந்த அன்று அவள் அதில் மூன்று தரம் சுற்றினாள். நான் எண்ணினேன்.

சைக்கிள்

அப்பாவும் எங்களுக்கு நண்டு கொடுப்பவர்களில் ஒருவர். ஆனால் நிறுவை நடக்கும் பின்கதவோடு போய்விடுவார். கம்பனிக்காரர் வந்துபோன அடுத்த நாள், என்ன நினைத்தாரோ, முன்பக்கம் வந்து ரப்பர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். ஐம்பது கைகள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் நான் நின்றேன். என் கதிரையில் வெருளி இருந்தது.

“உங்கடை மகளே அண்ணை?” என்று யாரோ கேட்டார்கள்.

“ஓம்,” என்றார். அவ்வளவுதான். திரை விழுந்தது.

மறுநாள் காலை சைக்கிளை எடுக்கப் போனேன். கைப்பிடிக்கு நடுவில் விரலளவு ஒரு பொம்மை கட்டியிருந்தது. பழைய வலை நூலில் உடம்பு, மிதவைக் கட்டையில் தலை, தாரில் வைத்த இரண்டு கண்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

அப்பா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“உதென்னப்பா சைக்கிளிலை?”

அவர் நிமிரவில்லை. “அது சும்மா. றோட்டிலை கனபேர் பாக்கினம்.”

வீட்டிலிருந்து நிலையத்துக்கு நேர் வழி ஒன்று இருக்கிறது. அன்று நான் அதில் போகவில்லை. கோயிலடி, சந்தையடி, பள்ளிக்கூடத்தடி, இறங்குதுறை என்று ஊரை முழுதாகச் சுற்றி, மெல்ல மெல்ல மிதித்துத்தான் வேலைக்குப் போனேன்.